கழுவாத அடுக்கு

சோற்று வண்டி ஓட்டுவதில் மிதிப்பது பெரிய வேலையில்லை ஐயா. குழம்பு தளும்பாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. எந்தத் தெருவில் எந்தப் பக்கம் பள்ளம் என்று கால் அறிந்திருக்க வேண்டும். சக்கரம் ஒரு பக்கமாக இறங்கினால், அடுக்குப் பாத்திரத்தின் மேல்தட்டில் இருக்கிற முட்டை உருண்டுபோய் ஓரத்தில் முட்டும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு மனசு கேட்காது. என் வண்டியில் வந்த சோறு கொட்டிக் கிடந்தது என்று இதுவரை ஒருத்தர் சொன்னதில்லை. வேண்டுமானால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

விஷயத்துக்கு வா என்கிறீர்கள். வருகிறேன். எனக்குப் படிப்பு கிடையாது, சுற்றி வளைக்கவும் தெரியாது. நான் சொல்வதை நான் சொல்கிறபடி எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். உங்களை மட்டும் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்க வேண்டாம். யாரையும் நம்பிப் பழக்கமில்லை.

கோயிலுக்குப் பின்னால் கன்னியாஸ்திரீகள் மடம். மடத்தின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட சமையலறை. வெளியே நடமாட முடியாமல் வீட்டோடு கிடக்கிற வயசானவர்களுக்கு அங்கிருந்துதான் தினமும் மதியச் சாப்பாடு போகிறது. ஆளுக்கு ஒரு மூன்றுதட்டு அடுக்கு. அதுபோக, கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் போட்ட ஒரு பை. பையைக் கொடுக்கிறவர்கள் கோயில் சபைக்காரர்கள். மடிப்புக் கலையாத சட்டை போட்ட பெரிய மனிதர்கள். அடுக்குக்குப் பொறுப்பு ஒரு சிஸ்டர். அவருக்குப் பெயர் வேறு இருக்கிறது. நாங்கள் எல்லோரும் அடுப்படி சிஸ்டர் என்றுதான் சொல்வோம்.

நான் லாரி ஓட்டியவன். கண்ணில் புரை விழுந்ததும் வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவனைக் கூப்பிட்டு மூன்றுசக்கர மிதிவண்டியைக் கொடுத்தது அடுப்படி சிஸ்டர்தான். மாதம் ஏதோ கொஞ்சம் கைக்கு வரும். மதியம் சமையலறைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொள்ளலாம். அது தர்மச் சோறு இல்லை ஐயா, கூலி. அந்த வித்தியாசம் எனக்கு முக்கியம்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். சாப்பிட்ட அடுக்கை யாரும் கழுவித் தரக் கூடாது. சாப்பிட்டது சாப்பிட்டபடி வர வேண்டும். இன்றைய அடுக்கைக் கொடுத்துவிட்டு நேற்றைய அடுக்கை நான் வாங்கி வருவேன். எல்லாவற்றையும் கழுவுகிற கல்லின்மேல் வரிசையாக வைப்பேன். சிஸ்டர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார். சோறு அப்படியே இருந்தால் ஆளுக்குக் காய்ச்சல். காயை மட்டும் ஒதுக்கியிருந்தால் பல்லில் கோளாறு. குழம்பை மட்டும் குடித்திருந்தால் தொண்டை. அன்று சாயங்காலமே செருப்பை மாட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். பாத்திரம் காலியாக வந்தால் அந்த வீட்டைப் பற்றிக் கவலை இல்லை. இருப்பது இரண்டு கால், எத்தனை வீட்டுக்குத்தான் ஏறி இறங்குவார்.

“மனுஷங்க நல்லா இருக்கேன்னு பொய் சொல்லுவாங்க பெரியவரே. பாத்திரம் சொல்லாது” என்பார்.

நான் அடுத்த அடுக்கை எடுத்து வைப்பேன். பாத்திரமும் ஒரு மனுஷன் கையில் இருந்துதானே வருகிறது.

ஆபரேட்டர் என்று ஒருத்தருக்கும் அடுக்கு போகும். அவர் இருந்தது இரும்பு அறுக்கும் பட்டறைக்கு மேலே, மூன்றாம் மாடியில். சினிமாக் கொட்டகையில் படம் ஓட்டியவர். கொட்டகை மூடிய பிறகும் அந்தப் பெயரே நின்றுவிட்டது. படியில் விழுந்து இடுப்பு முறிந்து, எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. கட்டிலிலிருந்து கக்கூஸ் வரை சுவரைப் பிடித்துக்கொண்டு போவார். படி இறங்குவது என்பது அந்த ஜென்மத்தில் இல்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த மாடியில் மற்ற அறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அவர் எழுந்து வந்து கதவு திறக்க நேரமாகும் என்பதால் ஒரு சாவி என்னிடம் இருந்தது.

ஆள் வேதக்காரர் இல்லை, வேறு எதுவும் இல்லை. சிஸ்டர் முதல்முறை போனபோது, “சிஸ்டர், ஜெபம் வேணாம், சோறு மட்டும் அனுப்புங்க. ஜெபம் பண்ணி எனக்குக் கால் வந்துட்டா அப்புறம் நீங்க சோத்தை நிறுத்திடுவீங்க” என்று சொல்லிவிட்டார். சிஸ்டர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். மற்ற கிழங்களுக்கு மாதம் ஒருமுறை சாமியார் நற்கருணை கொண்டுபோவார். இவருக்கு அதுவும் இல்லை. ஆக, அந்த அறைக்குப் போகிறவன் நான் ஒருவன்தான்.

நான் கதவைத் திறந்தால், “வந்துட்டாருய்யா வில்லன். மூஞ்சியைப் பாத்தா கொலைகாரன், கையைப் பாத்தா சோறு” என்பார். நான் சிரிக்க மாட்டேன். அதற்கும் ஒன்று சொல்வார். “சிரிச்சா வண்டி ஓடாதா உனக்கு?”

எனக்கு அவர்மேல் கோபமோ பொறாமையோ கிடையாது. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். துணி தேய்க்கிற கடையில் வேலை பார்த்தாள். கை வெந்துபோனதும் கடைக்காரன் வேறு ஆளைப் போட்டுக்கொண்டான். புருஷன் வெளியூரில் வேலை தேடிப் போகிறேன் என்று போனவன், போனவன்தான். இரண்டும் பெண் பிள்ளைகள். பெரியவள் எப்படியோ தாக்குப்பிடித்தாள். சின்னதுக்குக் கால் குச்சியாகிவிட்டது. வாய் ஓரம் இரண்டு பக்கமும் புண். தூக்கினால் துணி மூட்டையைத் தூக்குகிற மாதிரி இருக்கும். சுகாதார நிலையத்து நர்ஸ் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கு என்னம்மா கொடுக்கிற? வர வர எடை இறங்குது. இப்படியே விட்டா கையில தங்காது” என்று என் முன்னாலேயே சொன்னாள்.

கையில தங்காது. அந்த வார்த்தையைக் காதில் வாங்கிக்கொண்டு வண்டி மிதிக்கிறவனுக்கு, பின்னால் பெட்டி நிறையச் சோறு இருக்கிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சபைக்குச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். மகள் எனக்குத் தெரியாமல் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் மருந்துக்கடைக்காரர், இன்னொருவர் ஏதோ ஆபீசில் உத்தியோகம். பை கொடுப்பதற்கு முன்னால் வீட்டை நேரில் பார்ப்பது அவர்கள் முறை. பார்க்கட்டும். மருந்துக்கடைக்காரர் நேராக அடுப்பு மூலைக்குப் போய்ப் பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

“ஒண்ணுமே இல்லையே” என்றார் மற்றவரிடம்.

“இல்லாததைப் பாக்கத்தானே வந்தீங்க? பாத்தாச்சுல்ல, கிளம்புங்க” என்றேன்.

“கோவிச்சுக்காதீங்க பெரியவரே. இருந்துகிட்டே இல்லைன்னு வாங்குறவங்க இருக்காங்க. பாத்துட்டுத்தான் கொடுக்கணும்.”

“அந்த ஆளுங்க வீட்டுப் பானையைப் போய்த் திறங்க. என் மக வீட்டுப் பானையில கை வைக்கிற வேலை வேணாம்.”

அவர் தோளில் கை வைத்தேன். தள்ளினேன் என்று அவர் சொல்லியிருப்பார். வாசல்வரை கூட்டிப்போய் விட்டேன், அவ்வளவுதான். மகள் சுவர் ஓரம் உட்கார்ந்து அழுதாள். “அப்பா, அவங்க கொடுக்கத்தானே வந்தாங்க.”

“அவங்க பையை நீ தொட்டேன்னா, அன்னைக்கே அப்பன் செத்தான்னு தலை முழுகிடு.”

அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை என்று நினைத்தேன்.

முதலில் எடுத்தது மிச்சம். அதில் யாரும் குற்றம் காண முடியாது. ஆபரேட்டருக்கு ஈறு வீங்கியிருந்தது. பாதிச் சோற்றை ஒதுக்கிவிட்டார். “சிஸ்டர்கிட்ட சொல்லாதேய்யா, மறுபடியும் மாடி ஏறி வந்துடும் பாவம்” என்றார். நான் அந்தப் பாதியை மகள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். சின்னது தட்டில் போடும்வரை நிற்கவில்லை. அடுக்குக்குள்ளேயே கையை விட்டு, மூலையில் ஒட்டியதைக்கூட விரலால் வழித்து நக்கியது. மகளிடம், சமையலறையில் மீந்தது என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் சிஸ்டர் அந்த அடுக்கைத் திறந்தார். தூக்கி வெளிச்சத்தில் காட்டினார். “பாருங்க பெரியவரே, கழுவின மாதிரி இருக்கு. ஆபரேட்டருக்குப் பசி எடுத்துடுச்சு.” அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஈறு வீக்கம் வடிந்ததும் ஆபரேட்டர் முழுச் சோறும் சாப்பிடத் தொடங்கினார். ஆனால் பிள்ளைக்கு ருசி தெரிந்துவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டாலே சின்னது வாசலுக்கு வந்து நிற்கும். ஒன்றும் கேட்காது, அடுக்கை மட்டும் பார்க்கும். வெறும் அடுக்கோடு நான் எப்படிப் போவேன். அதனால் மாடி ஏறுவதற்கு முன்னாலேயே பாதியை வேறு பாத்திரத்தில் எடுத்து வைக்க ஆரம்பித்தேன். முட்டையும் அதில் போகும். வயசானவருக்கு எதற்கு முட்டை. பிறகு அவர் சாப்பிட்ட அடுக்கையும் பிள்ளைகளிடம் வழிக்கக் கொடுத்துவிட்டுத்தான் மடத்துக்குக் கொண்டுபோவேன்.

“என்னய்யா, சிஸ்டர் கை சுருங்கிடுச்சா?” என்று ஆபரேட்டர் கேட்டார்.

“தவக்காலம். எல்லாருக்கும் குறைச்சுத்தான் போடுறாங்க” என்றேன். தவக்காலம் முடிந்து நாளாகியிருந்தது. அவருக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது.

“உங்க சாமிக்கு நான் எதுக்கய்யா பட்டினி கிடக்கணும்? எனக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.”

சிஸ்டரோ ஆபரேட்டர் அடுக்கில் சோற்றைக் கூட்டிக்கொண்டே போனார். நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு இன்னும் கொஞ்சம் என்று இன்னொரு முட்டை வைத்தார். பிள்ளை எவ்வளவு சுத்தமாக வழித்ததோ அவ்வளவுக்கு ஆபரேட்டர் நன்றாக இருப்பதாக மடத்தில் பேச்சு. அந்தப் பாத்திரத்தைப் பார்த்த யாருக்கும் மாடி ஏறிப் பார்க்கத் தோன்றவில்லை. சட்டம் போட்டது அவர்கள். நான் சட்டப்படி கழுவாமல்தான் கொண்டுவந்தேன்.

பாதி பிறகு கால் ஆனது. சில நாள் சிஸ்டர்மாருக்குத் தியானம், சமையல் இல்லை என்று வெறுங்கையோடு ஏறினேன். அப்படிப் போகாமலே இருந்திருக்கலாம். தண்ணீர் வைக்கத்தான் போனேன். பானையை நிறைத்து, டம்ளரைக் கைக்கெட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு வருவேன். கெட்ட எண்ணம் இருக்கிறவன் தண்ணீர் வைப்பானா.

உன் சாப்பாட்டைப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாமே என்று இப்போது கேட்டீர்கள். நல்ல கேள்விதான். நான் மிதிக்க வேண்டும் ஐயா. மிதிக்கிறவன் சாப்பிடாவிட்டால் வண்டி நிற்கும். வண்டி நின்றால் எல்லா வீட்டுக்கும் பட்டினி. கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு அந்தத் தேவை இல்லை.

ஒருநாள் நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது ஆபரேட்டர் கட்டில் சட்டத்தைத் தட்டினார். குரல் இளைத்துப்போயிருந்தது, கிண்டல் மட்டும் இளைக்கவில்லை.

“யோவ் வில்லா, உட்காரு. ஒண்ணு கேக்குறேன், ரீலை மாத்தாம சொல்லு. குழம்பு வாசனை கீழேருந்து படியேறி வருது. ஆள் மட்டும் வெறுங்கையோட வர்றே. என் சோறு யாருக்குய்யா போகுது?”

சொல்லக் கூடாது என்று நினைத்தேன். வாயில் வந்துவிட்டது. “பேத்திக்கு.”

“எத்தனை பெரிசு?”

“இன்னும் பள்ளிக்கூடம் போகலை. கையில தங்காதுன்னு சொல்லிட்டாங்க.”

“அடப்பாவி. இதை முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே. தவக்காலம் தியானம்னு என்னைப் பாதிக் கிறிஸ்தவனாக்கிட்டியே.”

நான் டம்ளரை நிறைத்து வைத்தேன்.

“சரி, நாளையிலேருந்து சோறு ஆளுக்குப் பாதி. முட்டை ரெண்டும் பிள்ளைக்கு. சிஸ்டர்கிட்ட விஷயத்தைச் சொல்லி இன்னொரு அடுக்கு கேளு. அந்தம்மா இல்லேங்காது.”

“கேட்டுப் பழக்கமில்லை.”

“கேக்குறதுல என்னய்யா பழக்கம் வேண்டிக்கிடக்கு? நான் வாங்கித் தின்கலையா? சரி, உனக்குக் கூச்சம்னா நான் சொல்றேன். அந்தப் போனை எடு.”

போன் சன்னல் மேடையில் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. அந்த அறையில் பிளக் கருகிப்போயிருந்தது. கீழே பட்டறையில் கொடுத்து நான்தான் சார்ஜ் போட்டுத் தருவது வழக்கம். “போட்டு எடுத்துட்டு வரேன்” என்று வாங்கிக்கொண்டு இறங்கினேன். சொன்னபடி சார்ஜும் போட்டேன். என் வண்டி சீட்டுக்கு அடியிலிருந்து நீங்கள் எடுத்தீர்களே, அந்தப் போன்தான். எடுத்தபோது முழுசாகச் சார்ஜ் இருந்திருக்கும்.

அன்று மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். அவசரப்பட்டு எதையும் செய்கிறவன் இல்லை நான். ஆபரேட்டர் நல்லவர். அதில் சந்தேகமில்லை. ஆனால் நல்லவர்களுக்கு வாய் நிற்காது. எனக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டே சிஸ்டரிடம் முழுக்கதையும் சொல்லிவிடுவார். கிழவன் சோற்றைத் திருடியவன் என்று பெயர் வரும். வண்டி போகும். மருந்துக்கடைக்காரர், அன்னைக்கே நினைச்சேன் என்பார். பிள்ளைக்குக் கிடைக்கிற வாய்ச்சோறும் போகும். இன்றைக்குப் பாதிக்கு ஒத்துக்கொள்கிறவர் நாளைக்கு முழுசைத் திரும்பக் கேட்க மாட்டார் என்பதற்குத்தான் என்ன உத்தரவாதம்.

அதனால் அந்தப் பாதியையும் நான் கொடுக்கவில்லை. பாதி கொடுத்தால் பேசத் தெம்பு இருக்கும்.

சன்னலையும் சாத்தினேன். தெருப் பக்கம் பார்த்த சன்னல் அது. மேல் கொக்கியைப் போட்டுவிட்டால் அவருக்கு எட்டாது. பட்டறையில் இரும்பு அறுக்கிற சத்தத்தில் அவர் கூப்பிட்டாலும் யாருக்கும் கேட்கப்போவதில்லை. இருந்தாலும் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை விடுமுறை.

கடைசியாக நான் மாடி ஏறியபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். போன் எங்கே என்று கேட்கவில்லை. சோறு எங்கே என்றும் கேட்கவில்லை.

“இன்னைக்கு என்ன காய்?” என்றார்.

“கோஸு.”

“குழம்பு?”

“பருப்பு போட்டு வச்சிருக்காங்க.”

“மேல்தட்டுலேருந்து ஒவ்வொண்ணா சொல்லுய்யா. அவசரமில்லாம சொல்லு.”

சொன்னேன். மேல்தட்டில் முட்டை இரண்டு, உரிக்காமல். நடுத்தட்டில் கோஸ், ஓரத்தில் கொஞ்சம் கருகியது. கீழே சோறு, இன்னும் ஆவி இருக்கிறது. அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது.

“உப்பு?”

“சரியா இருக்கு.”

“உனக்கு எப்படித் தெரியும்?” என்றார்.

நான் பானையை நிறைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மூட்டுவலி. மூன்று மாடி ஏற முடியவில்லை. ஆபரேட்டர் அடுக்கை நேராக மகள் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். மறுநாள் காலி அடுக்கு வாங்கிக்கொள்வேன். சின்னதுக்கு அதற்குள் கன்னம் கொஞ்சம் தெளிந்திருந்தது. வாய்ப்புண் ஆறியிருந்தது. வாசலுக்கு வந்து காத்திருப்பதும் நின்றுவிட்டது, உள்ளே விளையாடிக்கொண்டிருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு நிம்மதி. நான் செய்வது தப்பில்லை என்பதற்கு அந்தக் கன்னம் போதும் என்று நினைத்தேன்.

மேலே என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால்தானே தெரியும்.

இது இப்படியே போயிருக்கும். சிஸ்டரின் சந்தோஷம்தான் கெடுத்தது. யாரோ ஒரு சக்கர நாற்காலி தானம் கொடுத்திருந்தார்கள். “இவ்வளவு நல்லா சாப்பிடுற மனுஷன் ஏன் அறைக்குள்ளேயே அடைஞ்சு கிடக்கணும்? தூக்கிக்கிட்டு வந்து நம்ம முற்றத்துல எல்லாரோடயும் உட்கார வச்சு ஒரு வேளை போடுவோம்” என்றார். நாற்காலி தூக்க இரண்டு ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, “இன்னைக்கு உங்க வண்டிகூடவே நாங்களும் வர்றோம் பெரியவரே. அவருக்குச் சொல்லாதீங்க, திடீர்னு போய் நிப்போம்” என்றார்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மெதுவாக மிதித்தேன். பள்ளம் பார்த்து மிதித்தேன். பட்டறை வாசலில் சிஸ்டர் கை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். “நீங்க வரலையா?” என்று கேட்டார். மூட்டுவலி என்றேன்.

மேலே போனவர்கள் சத்தம் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் நாற்காலி தூக்கிப் போனவர்களில் ஒருவன் இறங்கி வந்து, கடைசிப் படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பிறகு சிஸ்டர் வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆபரேட்டர் நடப்பாரே அந்த மாதிரி வந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். வண்டிப் பெட்டியைத் திறந்து, அன்று காலையில் தானே கட்டிய அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நேத்துப் பாத்திரம் காலியா வந்துச்சே. யார் சாப்பிட்டா?”

“மத்தவங்களுக்குச் சோறு ஆறுது சிஸ்டர்” என்றேன்.

மிதித்துக்கொண்டு போய்விட்டேன். ஓடிவிட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு வீடாகப் போய்க் கொடுத்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. பழைய அடுக்குகளை வாங்கிக்கொண்டு வந்து கழுவுகிற கல்லில் வரிசையாக வைத்தேன். நீங்கள் அங்கே நின்றிருந்தீர்கள். நீங்கள் கேட்பதற்கு முன்னாலேயே, நான்தான் அந்த வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகிறவன் என்று சொன்னேன்.

நேற்று மகள் இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

“அப்பா, அந்தச் சோறு யாருதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தொட்டிருக்க மாட்டேனே.”

“பிள்ளை பிழைச்சுதா இல்லையா? அதைப் பாரு” என்றேன்.

அப்போதுதான் சொன்னாள். நர்ஸ் சொன்ன கொஞ்ச நாளிலேயே, சின்னதைத் தூக்கிக்கொண்டு மடத்துக்குப் போயிருக்கிறாள். சிஸ்டர் ஒரு கேள்வி கேட்காமல் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாராம். அன்றிலிருந்து பின்வாசல் வழியாகப் பை. சின்னதுக்குத் தனியாகப் பாலும் மருந்தும். எனக்குத் தெரியக் கூடாது என்று இவள் கெஞ்சிக் கேட்டதால் சிஸ்டரும் என்னிடம் மூச்சு விடவில்லை. தினமும் காலையில் என் கையில் அடுக்கைக் கொடுக்கிறவர், ஒரு நாள்கூட முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

“அப்போ நான் கொண்டுவந்த சோறு?”

“முதல்ல பிள்ளைங்க சாப்பிட்டாங்கப்பா. அப்புறம் இது மீந்துச்சு. வேணாம்னா ஏன்னு கேப்பீங்க, உண்மையைச் சொன்னா வீட்டுப் படி ஏற மாட்டீங்க. அதான்.”

“அதான் என்ன?”

“பக்கத்து வீட்டு நாய்க்கு வச்சேன்.”

கடைசி நாட்களில் நாய் நக்கிய பாத்திரத்தைத்தான் சிஸ்டர் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறார். ஆபரேட்டர் சோற்றைப் பாதி பாதியாக்கிக்கொள்ளலாம் என்று சொன்ன நாளில் பிள்ளைகளுக்கு அது தேவையே இல்லை. போனை நான் எடுத்துக்கொண்டது, சன்னலைச் சாத்தியது எல்லாம் அந்த நாய்க்காக.

இரவெல்லாம் இதை நினைத்துப் பார்த்தேன். மகள் எனக்கு மறைத்தாள். சிஸ்டர் எனக்கு மறைத்தார். மறைக்காமல் பேசியவர் ஆபரேட்டர் ஒருவர்தான். யாரையும் நம்பக் கூடாது என்று நான் இருந்தது சரிதான் என்று இப்போதும் தோன்றுகிறது. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனுஷன் இன்று முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார். நேற்றே அதை அவளிடம் சொன்னேன். அவள் கிளம்பிப் போய்விட்டாள்.

எழுதியதைப் படித்துக் காட்டினீர்கள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு இடம் தவிர. ‘பட்டினியில் சாகவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சாகவிடுவது என்றால் கவனிக்காமல் விடுவது. நான் தினமும் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். கை எப்போது நடுங்க ஆரம்பித்தது, குரல் எப்போது இறங்கியது, எந்த நாளுக்குப் பிறகு மாடி ஏறத் தேவையில்லை, எல்லாம் எனக்குத் தெரிந்துதான் நடந்தது. கொன்றேன் என்று திருத்தி எழுதுங்கள். கைநாட்டு வைக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். இங்கே எனக்குப் போடுகிற சாப்பாடு அதிகம், பாதிகூட இறங்குவதில்லை. மீதியை மகள் வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று பாருங்கள். வளர்கிற பிள்ளைகள், பை எத்தனை நாளைக்கு வரும் என்று யார் கண்டது. அப்பா கொடுத்தனுப்பினார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சிஸ்டர் கொடுத்தது என்று சொல்லுங்கள். வாங்கிக்கொள்வாள்.